மருந்தகத்தின் வாசலில் விலங்கு எதற்கு?

போதைப்பொருள் ஹராம். இதில் கருத்து வேற்றுமைக்கு இடமே இல்லை. அதை விற்றுக் கொழுப்பவன் சமுதாயத்தின் பகைவன். அவனுக்காக வாதாட நான் வரவில்லை. ஆனால், ஹெராயினுக்கு அடிமையாகி உடலும் உள்ளமும் நைந்து கிடப்பவனையும் அவனோடு ஒரே கயிற்றில் கட்டுகிறோமே, இது எந்த நீதி?

“பிடித்து அடைத்தால் திருந்துவான்” என்பர் பலர். திருந்தினானா என்று பின்தொடர்ந்து பார்ப்பவர்தாம் அரியர். நம் தமிழ் முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் மலேசியாவில் அப்படிப் பார்த்தார்கள். அங்கே 1983இல் பிறந்த சட்டம், போதைக்கு அடிமையானவரைப் பிடித்துச் சோதிக்கவும், ஈராண்டுகள் மறுவாழ்வு நிலையத்தில் வைக்கவும், மேலும் ஈராண்டுகள் கண்காணிக்கவும் வழிசெய்தது. பெயர் மறுவாழ்வு, வாசலிலோ பூட்டு! 2005இல் மெத்தடோன் மருத்துவம் அந்நாட்டில் தொடங்கிற்று. 2010 முதல், தாமே விரும்பி வருவோர்க்கென நிலையங்கள் திறக்கப்பட்டன. அங்கே மெத்தடோனும் கிடைத்தது.

இருவகை நிலையங்களிலிருந்தும் வெளிவந்தோரை ஒப்பிட்ட ஆய்வொன்று 2017இல் வெளியாயிற்று. கட்டாயக் காவலிலிருந்து வந்தோரில் பாதிப்பேர் 31 நாட்களுக்குள் பழைய போதைக்கே திரும்பினர். விரும்பிச் சேர்ந்தோரில் பாதிப்பேர் திரும்புவதற்கு 352 நாட்கள் சென்றன. ஒரு மாதம் எங்கே, ஓராண்டு எங்கே? அடைத்து வைத்தால் திருந்துவான் என்போர் இக்கணக்கிற்கு விடை கூறட்டும்.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. காவலில் இருக்கும் நாட்களில், போதையைத் தாங்கி நின்ற உடலின் பழக்கம் குறைந்துவிடுகிறது. வெளியே வந்தவன் பழைய அளவையே உட்கொள்கிறான், மூச்சு நின்றுவிடுகிறது. விடுதலைக்குப் பிந்திய முதல் இரு வாரங்களே இத்தகைய சாவுகளுக்கு மிக அஞ்சத்தக்க காலம் என்பது மருத்துவ உலகம் அறிந்த உண்மை. திருத்துவதற்காக அடைத்தோம் என்கிறோம். ஜனாஸாவுக்கன்றோ ஆள் சேர்க்கிறோம்!

“ஒரு போதைக்கு மாற்றாக இன்னொரு போதையா?” என்று நம் பெரியோர் சிலர் மெத்தடோனைப் பழிக்கின்றனர். மெத்தடோனும் அபின் இனத்ததே, மறுக்கவில்லை. ஆனால், தக்க அளவில் மருத்துவர் கண்காணிப்பில் நாளுக்கொருமுறை அருந்தினால், அது மயக்கத்தைத் தருவதில்லை. ஏக்கத்தையும் உடல் வேதனையையும் அடக்குகிறது. அருந்தியவன் வேலைக்குச் செல்கிறான். பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறான். உலக நலவாழ்வு நிறுவனம் 2005இல் இதை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. பெருந்தீங்கைத் தவிர்க்கச் சிறு தீங்கைப் பொறுத்துக்கொள்ளலாம் என்னும் ஃபிக்ஹு விதியை மதரஸாவில் மனனம் செய்த நாம், உயிர் போகும் இடத்தில் அதை மறப்பானேன்?

கோலாலம்பூரின் அர்-ரஹ்மான் பள்ளிவாசல் மறக்கவில்லை. 2010களின் தொடக்கத்தில், மலாயாப் பல்கலைக்கழக மருத்துவர்களின் துணையோடு, அப்பள்ளிவாசலிலேயே மெத்தடோன் வழங்கினர். தொழுகைக்கு அழைக்கும் இடம் நோயாளியையும் அழைத்தது. இதனால் ஹராம் ஹலாலாகிவிட்டதா? இல்லை. மனிதன் பிழைத்தான்.

நம் நாட்டிலோ? 1985ஆம் ஆண்டுச் சட்டத்தில் பின்னர்ச் சேர்க்கப்பட்ட 64-ஏ பிரிவு, போதையை உட்கொண்டதாகவோ சிறிதளவு வைத்திருந்ததாகவோ குற்றஞ்சாட்டப்பட்ட அடிமை, அரசு ஏற்ற மருத்துவமனையில் தானே விரும்பிச் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்களிக்கிறது. நல்ல வாசல்தான்! ஆனால் சிகிச்சையை முடிக்காவிடில் அந்த விலக்கைத் திரும்பப் பெறலாம் என்றும் அதே பிரிவு கூறுகிறது. மீண்டும் மீண்டும் தலைதூக்குவதே இந்நோயின் இயல்பு. நோயின் இயல்பையே குற்றமாக்கினால், அச்சத்தில் எவன் மருந்தகம் வருவான்?

குடித்துத் தண்டனை பெற்ற ஒருவரைச் சபித்தவர்களை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்த செய்தியை உலமாக்கள் அறிவர். தண்டித்த பின்னும் அவரைச் சகோதரராகவே கருதச் செய்த மார்க்கம் இது. நாமோ சகோதரன் என்ற சொல்லை முதலில் பறித்துக்கொண்டு, பிறகு தண்டனையைத் தேடுகிறோம்.

ஜமாஅத்துப் பெரியோர்களே! விற்பவனைச் சட்டம் துரத்தட்டும். உங்கள் மஹல்லாவில் ஒருவன் இந்நோயில் வீழ்ந்தால், காவல் நிலையத்துக்கு ஆள் அனுப்புமுன் மருத்துவமனைக்கு அவன் கையைப் பிடித்து அழைத்துச் செல்லுங்கள். அவன் ஒருமுறை தவறினால் மறுமுறையும் அழைத்துச் செல்லுங்கள். தவ்பாவின் வாசலை இறைவன் ஒரே தவறுக்காக மூடுவதில்லை. மருந்தகத்தின் வாசலை மூட நாம் யார்?