விழுப்புண்ணின் ஈடும் மகவின் உரிமையும்

போர்க்களத்தில் உறுப்பிழந்து மீண்ட வீரனுக்கு, அவனை அனுப்பிய நாடு கடன்பட்டிருக்கின்றது. தான் பெற்ற மகவுக்குத் தந்தை கடன்பட்டிருக்கின்றான். இவ்விரண்டையும் மறுப்பார் எவருமிலர். ஆயின், நாடு இறுக்கும் அக்கடனே வீரனுக்குள்ள ஒரே வருவாயாகி, அவனது இல்லறமும் பிளவுண்டு போகுமாயின், அப்பொருளில் மகவுக்குப் பங்குண்டோ என்னும் வினா எழுகின்றது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வழக்கு மன்றங்களில் பலகாலும் எழுந்த இவ்வினாவைக் குறித்து எம் கருத்தைக் கூறத் துணிகின்றோம்.

அந்நாட்டில் படைப்பணியால் நோயோ ஊனமோ உற்றவர்க்கு, முன்னாள் படைவீரர் துறையார் திங்கள்தோறும் ஈட்டுத்தொகை வழங்குகின்றனர். ஊனத்தின் அளவு பத்துப் பத்தாக 100 விழுக்காடு வரை வகுக்கப்பட்டிருக்கின்றது. 30 விழுக்காடும் அதற்கு மேலும் ஊனமுற்றார்க்கு, மனைவி மக்களை முன்னிட்டுத் தொகை கூட்டிக் கொடுக்கப்படும். கைகால் இழந்தார்க்கும், பிறர் துணையின்றி உண்ணவும் உடுக்கவும் இயலாதார்க்கும் இன்னும் மிகுதியான தொகை உண்டு. கடன் கொடுத்தவர் எவரும் இப்பொருளை ஜப்தி செய்தலாகாது எனச் சட்டம் வேலி கோலியிருக்கின்றது. வட்டிக்குக் கொடுத்தவனைத் தடுக்கும் அவ்வேலி, பெற்ற பிள்ளையையும் தடுக்குமோ?

இவ்வழக்கு 1987 ஆம் ஆண்டில் அந்நாட்டு உச்சநீதிமன்றத்தை அடைந்தது. வியட்நாம் போரில் முழு ஊனமுற்ற டென்னெஸி மாகாணத்து வீரர் ஒருவர் மணவிலக்குப் பெற்றார். குழந்தைகளின் பராமரிப்புக்காகத் திங்கள்தோறும் 800 டாலர் கொடுக்குமாறு மாகாண நீதிமன்றம் அவருக்குக் கட்டளையிட்டது. அவருக்கு வந்த பொருள் யாவும் அரசு அளித்த உதவித்தொகைகளே. அவர் பாதியளவே செலுத்தினார்; நீதிமன்ற அவமதிப்புக் குற்றம் அவர்மேல் சாட்டப்பட்டது. ஊன ஈட்டில் கைவைக்க மாகாண மன்றத்துக்கு அதிகாரமில்லை என்பது அவர் தரப்பு. 'ரோஸ் எதிர் ரோஸ்' எனப்படும் அவ்வழக்கில் நீதிபதி தர்குட் மார்ஷல் தீர்ப்பெழுதினார். இவ்வீட்டுத்தொகை வீரனுக்கு மட்டுமன்றி அவன் குடும்பத்துக்கும் ஆதரவாகவே ஏற்பட்டது என்றும், ஆதலின் குழந்தைப் பராமரிப்பை அவ்வேலி தடுக்காது என்றும் மன்றம் முடிவு செய்தது. நீதிபதி ஒயிட் ஒருவரே அம்முடிவுக்கு உடன்படாது நின்றார்.

இத்தீர்ப்பை மறுப்பார் கூறுவது யாது? "ஈட்டுத்தொகை கூலியன்று, இழந்த காலின் விலை. காலின் விலையில் பங்கு கேட்பது மற்றைக் காலையும் வெட்டுவது போலாம்" என்பர். கேட்ட அளவில் நெஞ்சை உருக்கும் வாதமே இது. ஆயினும் சட்டத்தை உற்று நோக்குவார்க்கு உண்மை வேறாகத் தோன்றும். ஊனத்துக்கு விழுக்காடு குறிக்குங்கால், அவ்வூனத்தால் பொருளீட்டும் ஆற்றல் பொதுவாக எவ்வளவு குறையும் என்பதனையே இயன்றவரை அளவாகக் கொள்ளவேண்டுமென்று அந்நாட்டுச் சட்டமே விதிக்கின்றது. அஃதாவது, அத்தொகை பெரும்பாலும் இழந்த சம்பளத்துக்கு நேர் நிற்பது. கால் இருந்து, தந்தை உழைத்து ஈட்டியிருப்பின் அச்சம்பளத்தில் மகவு உண்டிருக்குமன்றோ? கால் போனபின் அதன் இடத்தில் வந்த பொருளிலும் அது உண்ணுதலே முறை. தந்தையின் புண்ணுக்கு மகவு காரணமன்று. அப்புண்ணால் மகவு பட்டினி கிடத்தலும் நீதியன்று.

மனைவியின் நிலையை ஈண்டு ஒப்பு நோக்குதல் தகும். மணவிலக்கின்போது கணவனது படை ஓய்வூதியத்தைச் சொத்தாகப் பங்கிட மாகாண மன்றங்களுக்கு இடமுண்டு. ஆனால், ஊன ஈட்டைப் பெறும்பொருட்டு அவன் விட்டுக்கொடுத்த ஓய்வூதியப் பகுதியை அங்ஙனம் பங்கிடலாகாது என்று 1989 இல் 'மான்செல்' வழக்கில் உச்சநீதிமன்றம் கூறிற்று. அவ்வாறு குறைந்த பங்கை அவன் வேறு பொருளால் நிரப்பவேண்டுமெனக் கட்டளையிடலும் ஆகாது என 2017 இல் 'ஹவல்' வழக்கு உறுதி செய்தது. இவற்றுக்கும் 1987 தீர்ப்புக்கும் முரண்பாடில்லை. சொத்தைப் பிரித்தல் வேறு, சோறளித்தல் வேறு. மகவு கேட்பது பாகப்பிரிவினை அன்று.

இதுகாறும் கூறியவற்றால் யாம் மகவின் பக்கமே நிற்கின்றோம். எனினும் வீரனுக்கு இழைக்கப்படக்கூடிய அநீதியொன்றும் இங்குண்டு. அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் முதன்மையான நோக்கமாகும். வீரன் பெறும் தொகை முழுவதும் ஒரே தன்மையதன்று. இழந்த சம்பளத்துக்கு ஈடாவது ஒரு பகுதி. அவனைத் தூக்கி உட்காரவைத்து, நீராட்டி, உணவூட்டும் பணியாளுக்குச் சென்று சேர்வது மற்றொரு பகுதி. பின்னையது அவன் கைவழியே செல்லுமேயன்றிக் கையில் தங்குவதன்று. இரண்டையும் ஒன்றாகக் கூட்டி, 'இவனுக்கு இத்துணை வருமானம்' என்று கணக்கிடும் மன்றம், இல்லாத செல்வத்தை உள்ளதாகக் கொள்கின்றது. முன்னதில் மகவுக்குக் குறைவற்ற பங்கும், பின்னதில் உண்மையாகத் துணைக்குச் செலவாகும் அளவுக்கு வீரனுக்குக் காப்பும் வேண்டும் என்பதே எம் துணிபு.

பொருளைப் பெறும் வழியிலும் சிக்கலுண்டு. ஊன ஈட்டை அரசின் கையிலிருந்தே நேரே பிடித்துக்கொள்ளுதல் பொதுவாக இயலாது. ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து அதற்கு மாற்றாக ஈட்டைப் பெறுவோர் திறத்தில், அவ்விட்டுக்கொடுத்த அளவுக்கு மட்டுமே அங்ஙனம் பிடிக்கலாம். ஏனையோர் திறத்தில், மாகாண மன்றம் வீரனுக்கே கட்டளையிட்டு, அவன் செலுத்தாவிடின் அவமதிப்பு வழக்குத் தொடுக்கும். இஃது ஒரு வாயில். தாய், படைவீரர் துறைக்கே விண்ணப்பித்து மகவுக்கெனத் தொகையைப் பிரித்துத்தரக் கேட்கலாம். இது மற்றொரு வாயில். பாதிக்கு மேற்பட்டுப் பிரித்தல் வீரனுக்குப் பெருந்துன்பமாமென்றும், 20 விழுக்காட்டுக்குக் குறைந்தது பெறுவோர்க்குப் போதாதென்றும் அத்துறையின் விதிகள் பொதுவாகக் கொள்கின்றன. ஒரு வாயிலில் கொடுத்தது மற்றொரு வாயிலில் கணக்கிடப்படாவிடின், வீரன் ஒரே கடனை இருமுறை இறுக்க நேரிடும். இரு வாயில்களும் ஒன்றையொன்று சுட்டி நிற்பின், மகவு வெறுங்கையோடு மீளும்.

காலத்தால் விளையும் கேடு இதனினும் கொடிது. உடல்நலமுற்றுச் சம்பளம் பெற்றகாலத்தில் விதித்த தொகை, அவன் வேலையிழந்தபின்னும் தானே குறைவதன்று. 1986 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, நிலுவையாகிவிட்ட தவணையைப் பின்னர் எந்த மன்றமும் குறைத்தலாகாது. மாற்றம் கோரும் மனுவை எதிர்த்தரப்புக்கு அறிவித்த நாள்முதலாகவே குறைக்கலாம். ஊன ஈட்டுக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கும் நாட்களிலெல்லாம் நிலுவை வளர்ந்துகொண்டே போகும். இவ்விதி ஓடி ஒளியும் தந்தையரைப் பிடித்தற்கு எழுந்தது. படுக்கையில் கிடப்பானையும் அதுவே பிடித்துக்கொள்கின்றது.

ஆகவே யாம் வேண்டுவன மூன்று. துணையாளுக்குச் செலவாகும் தொகையை நீக்கியபின்னரே வருமானத்தை மன்றம் கணக்கிடுக. துறை பிரித்தளித்த தொகையைத் தந்தை செலுத்தவேண்டிய தொகையில் கழித்துக்கொள்க. ஊனமென்று விண்ணப்பிக்க வரும் ஒவ்வொரு வீரனுக்கும், 'மகவுக்குச் செலுத்தும் தொகையை மாற்றவேண்டின் இன்றே மனுச்செய்க' என்று துறையாரே எடுத்துரைப்பாராக. இவற்றுள் ஒன்றேனும் மகவின் வாயிலிருந்து ஒரு கவளத்தையும் பறிப்பதன்று.

விழுப்புண்ணைப் போற்றும் நாடு, அப்புண் பெற்றானுடைய மக்களையும் போற்றுதல் வேண்டும். தந்தையையும் மகவையும் வழக்கு மன்றத்தில் எதிரெதிர் நிறுத்தி, ஒருவர் வெல்ல மற்றவர் வீழவேண்டுமென வைப்பது அப்போற்றுதலுக்கு இழுக்காம். இருவர்க்கும் உரியதை உரியவாறு அளந்து கொடுத்தலே அரசின் கடனென்க.