'வேலை செய்யுதுதானே' என்றால் போதுமா?

கம்பளையில் மடிக்கணினி விற்கும் நண்பர் வாதிடுகிறார்: அலுவலகக் கணினிக்கு வேகம் இருந்தால் போதும், மூடியின் இடைவெளியும் ஆடும் விசையும் வெறும் அழகுக் குறைகளாம். அழகா? கீல் இறுகி, திருகைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் வெடித்தால், திறக்கும் ஒவ்வொரு தடவையும் மூடியே பிளந்துகொண்டு வரும். ஆப்பிள் 2015இல் கொண்டுவந்த மெல்லிய விசைப்பலகை சிறு தூசுக்கே முரண்டு பிடித்தது. 2022இல் அமெரிக்க வழக்கைத் தீர்க்க 5 கோடி டொலர் கொடுக்க உடன்பட்டார்கள். மலிவுச் சாமானும் அல்ல அது. லட்சக்கணக்கில் கொட்டிவிட்டு (அதுவும் தவணையில்) "பழகிடும்" என்ற சமாதானத்தையும் வாங்கிவர வேண்டுமா? கடையிலேயே திறந்து மூடிப் பாருங்கள். பிறகு குறை தெரிந்தால் பற்றுச்சீட்டோடு பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கிய மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும்.