ஜார்ஜ் விட்ஃபீல்டும் அடிமைமுறையும்: எங்கள் நிலைப்பாடு

ஞாயிறு பள்ளிப் பாடங்களில் ஜார்ஜ் விட்ஃபீல்டை எப்படிச் சொல்லித்தருவது என்ற கேள்வி எங்கள் சங்கத்தில் எழுந்தது. அவரை எழுப்புதல் பிரசங்கியார் என்று மட்டும் சொல்லிக் கடந்துபோவதை இனி நாங்கள் ஏற்கமாட்டோம்.

ஆக்ஸ்போர்டில் வெஸ்லி சகோதரர்களோடு சேர்ந்து ஜெபித்து, மெதடிஸ்ட் இயக்கத்தின் தொடக்கத்திலேயே நின்றவர் விட்ஃபீல்டு. 1739-இல் பிரிஸ்டலுக்கு அருகே கிங்ஸ்வுட் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களைத் தேடிப்போய்த் திறந்தவெளியில் பேசினார். தயங்கிய ஜான் வெஸ்லியையும் ஆலயத்துக்கு வெளியே பேச அழைத்துவந்தவர் அவர்தான். பிலடெல்பியாவில் நடந்த ஒரு கூட்டத்துக்குப் பெஞ்சமின் பிராங்கிளின், காசு எதுவும் போடுவதில்லை என்ற தீர்மானத்தோடு போயிருந்தார். பிரசங்கம் ஏற ஏற முதலில் செப்புக்காசைக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தார்; பிறகு வெள்ளியையும்; கடைசியில் தங்கம் உட்படப் பையிலிருந்த அத்தனையையும் காணிக்கைத் தட்டில் கொட்டிவிட்டார். ஜார்ஜியாவில் சவன்னாவுக்கு அருகே 1740-இல் தொடங்கிய பெத்தெஸ்தா அனாதை இல்லத்துக்கான காணிக்கை அது.

பிரசங்க பீடங்களில் இந்தக் கதை இந்த இடத்தோடு நின்றுவிடுகிறது. மீதியையும் சொல்லியாக வேண்டும். ஜார்ஜியா, 1735-லேயே அடிமைமுறையைச் சட்டம் போட்டுத் தடுத்திருந்த குடியேற்றம். அடிமைகள் இல்லாமல் இல்லத்தை நடத்தக் கட்டுப்படியாகாது என்று வாதாடி, அந்தத் தடையை நீக்கும்படி குடியேற்றத்தை நிர்வகித்த அறங்காவலர்களுக்கு எழுதினார் விட்ஃபீல்டு. தடை இருந்த காலத்திலேயே பக்கத்துத் தெற்குக் கரோலினாவில் தோட்டம் வாங்கி, அங்கே அடிமைகளை வேலை வாங்கி, அந்த வருமானத்தை இல்லத்துக்குச் செலவிட்டார். 1751-இல் தடை நீங்கியது. 1770-இல் அவர் இறந்தபோது இல்லம், நிலம் இவற்றோடு அங்கிருந்த அடிமைகளும் உயில்படி, அவருடைய ஊழியத்தை ஆதரித்த ஹண்டிங்டன் சீமாட்டிக்குப் போனார்கள். அனாதைகளுக்குச் சோறு போட்ட கை, வேறு குடும்பங்களின் பிள்ளைகளைச் சொத்தாக எழுதிவைத்தது.

‘அந்தக் காலம் அப்படி’ என்ற சமாதானம் இவருக்குச் செல்லாது. அவர் இருந்த இடத்தில் சட்டம் அடிமைமுறைக்கு எதிராக இருந்தது. அதை மாற்றச் சொன்னவர் அவர். அடிமைகளைக் கொடுமைப்படுத்தும் எஜமானர்களைக் கண்டித்து 1740-இல் பகிரங்கக் கடிதம் வெளியிட்டவரும் அவரே. ஆகவே, தெரியாமல் செய்தார் என்றும் சொல்ல முடியாது. அவர் மறைந்து நான்கு ஆண்டுகளில், 1774-இல், ஜான் வெஸ்லி அடிமைமுறையைக் கண்டித்துத் தனிநூலே வெளியிட்டார்.

பாஸ்டனில் அடிமையாக இருந்த இளம்பெண் ஃபில்லிஸ் வீட்லி விட்ஃபீல்டுக்கு இரங்கற்பா பாடியது உண்மை. அந்த அன்பை மதிக்கிறோம். ஆனால் அதைக் காட்டி அவருடைய பழியைத் துடைப்பது வீட்லிக்கே இழைக்கும் அநீதி.

பென்சில்வேனியா பல்கலைக்கழகம் தன் வளாகத்திலிருந்த விட்ஃபீல்டு சிலையை அகற்றப்போவதாக 2020-இல் அறிவித்தது. அது சரியான முடிவு என்றே கருதுகிறோம். அவருடைய பிரசங்கங்களை யாரும் வாசிக்கக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை, நாங்களும் வாசிக்கிறோம். பெத்தெஸ்தா கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் ஆசிரியர்களும் போதகர்களும், அந்த இல்லத்துக்காக உழைத்த அடிமைகளையும் அதே வகுப்பில், அதே மூச்சில் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறோம்.