பில் பணத்தைக் கொடுங்கள், முதலீடு அப்புறம்

ஒரு கம்பெனி தன் பங்கை விற்றுப் பணம் வாங்கினால், அதைச் சாதனையென்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். லாபம் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. இப்படிப் பங்கு வாங்கிப் பணம் போடும் வென்ச்சர் கேப்பிடல் இல்லாமல் தொழில் வளராது என்பது இன்று பொறியியல் கல்லூரிப் பையன்களின் வேதவாக்கு.

அவர்கள் கோவையின் மேட்டுப்பாளையம் சாலையில் பெரியநாயக்கன்பாளையம் வரை வந்து பார்க்கலாம். லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் 1962இல் சுவிட்சர்லாந்தின் ரீட்டரோடு கூட்டுச் சேர்ந்து நூற்பு இயந்திரம் செய்யத் தொடங்கியது. ஆனால் அதைச் சுற்றியுள்ள இந்த வட்டாரத்து லேத் பட்டறையும் பவுண்டரியும் எழுந்தது வீட்டம்மா நகையிலும், சீட்டுப் பணத்திலும், மச்சான் கொடுத்த கைமாற்றிலும், வங்கிக் கடனிலும்தான். எல்லாமே திருப்பித் தர வேண்டிய காசு. அதனால் தொடக்கத்திலிருந்தே லாபம் பார்த்தாக வேண்டியிருந்தது.

வென்ச்சர் நிதியின் கணக்கு வேறு. அதன் ஆயுள் பெரும்பாலும் பத்தாண்டு. அதற்குள் பங்கை விற்று வெளியேற வேண்டும். போட்ட கம்பெனிகளில் ஒன்றிரண்டு பல மடங்கு கொடுத்தால் போதும், மிச்சம் மூழ்கினாலும் கவலையில்லை. அவர்களுக்குப் பல கம்பெனி. ஆரம்பித்தவனுக்கு ஒன்றே ஒன்று. நிதானமாக வளரும் பம்ப்செட் கம்பெனி அந்தக் கணக்கில் தோல்விதான். ஆனால் அதில் வெற்றியாகத் தெரிந்த, 2022இல் 2,200 கோடி டாலர் மதிப்புப் போடப்பட்ட கல்விச் செயலிக் கம்பெனி பைஜூஸ், 2024இல் திவால் வழக்கில் நின்றது.

மென்பொருள் கம்பெனியான ஃபிரெஷ்ஒர்க்ஸ் வென்ச்சர் பணத்தில் வளர்ந்து 2021இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் ஏறியது, மறுக்கவில்லை. ராக்கெட் செய்பவர்களுக்கும் இந்தப் பணம் வேண்டும். ஆனால் 1996இல் தொடங்கிய ஸோஹோ, அதே மென்பொருள் தொழிலில், வெளி முதலீட்டாளர் இல்லாமலே உலகச் சந்தைக்குப் போயிருக்கிறது.

பட்டறைக்காரருக்குத் தட்டுப்பாடாக இருப்பது முதலீடு அல்ல, அவருடைய சொந்தப் பணம்தான். சரக்கு போய் மாதக்கணக்காகியும் பில் பணம் வராது. ஜிஎஸ்டியை மட்டும் அவர் முன்னதாகவே கட்டியாக வேண்டும். குறு, சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் வங்கி விகிதத்தைப் போல மும்மடங்கு கூட்டு வட்டி என்கிறது 2006ஆம் ஆண்டுச் சட்டம். வட்டி கேட்டு யார் நோட்டீஸ் விடுவார்? அடுத்த ஆர்டர் போய்விடுமே! தேங்கிய பில் பணம் வந்தாலே புது சிஎன்சி மெஷினுக்கு முன்பணம் கட்டலாம். பங்கை விற்க வேண்டியதில்லை.

முதலீட்டாளர் மாநாடுகளில் மேடையேறி இளைஞர்களுக்கு யோசனை சொல்லும் பெரிய கம்பெனிக்காரர்களிடம், வாங்கிய பாகங்களுக்கு எத்தனை நாளில் பணம் தருகிறீர்கள் என்று யாராவது மைக்கைப் பிடித்துக் கேட்கட்டும்.