கோணல் காலுக்குப் பழி மண்ணு மேலயா?

புதுச்சேரி டவுன்ல குதிரை வளர்க்கிறவங்க கொஞ்சம் பேர்தான். ஆனா குட்டிக்கு முன்னங்கால் வளைஞ்சு நின்னா எல்லாரும் சொல்றது ஒண்ணுதான்: "இந்தக் கடற்கரைக் காத்துக்கும் மண்ணுக்கும் குதிரை ஒத்துவராதுங்க."

இந்தப் பேச்சுக்கு எழுநூறு வயசு. 1290-களில் பாண்டிய நாட்டுக் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, வருஷா வருஷம் அரபுக் கரையிலிருந்து குதிரைகள் வந்து இறங்குவதையும், பெரும்பாலானவை சீக்கிரமே செத்துப்போவதையும் எழுதியிருக்கிறார். உயர்ந்த சாதிப் பெட்டைக்கும் பொலிகுதிரைக்கும் பிறந்த குட்டிகூட இங்கே குள்ளமாய், கால் கோணலாய்ப் பிறக்கிறது என்றார். அதே மனுஷன்தான், இங்கே குதிரைக்குச் சோறும் கறியும் வேகவைத்துப் போடுகிறார்கள் என்றும் எழுதினார். என் பார்வையில் சந்தேகப்பட வேண்டியது அந்தச் சோற்றைத்தான். மண்ணை இல்லை.

இப்போ சோற்றுக்குப் பதில் தவிடு. தவிட்டில் மணிச்சத்து சுண்ணாம்புச்சத்தைப் போலப் பத்து மடங்குக்கு மேல். வளரும் குட்டிக்கோ மணிச்சத்து ஒரு பங்கு என்றால் சுண்ணாம்பு ஒன்றரைப் பங்காவது வேணும். கணக்கு தலைகீழானால், ரத்தத்துக்கு வேண்டிய சுண்ணாம்பை உடம்பு எலும்பிலிருந்தே உருவிக்கொள்ளும். எலும்பு மெலியும், நொண்டும், தாடை வீங்கும். மாவு மில் தவிட்டைத் தின்ற குதிரைகளுக்கு வந்ததால் ஐரோப்பாவில் இதற்கு மில்காரன் நோய் என்றே பேர். கம்பு நேப்பியரும் தனியாகப் போதாது. அதிலிருக்கும் ஆக்சலேட் சுண்ணாம்பைக் கட்டிப்போட்டுவிடும். மாட்டின் இரைப்பை நுண்ணுயிர்கள் அதை ஓரளவு உடைத்துவிடும், குதிரைக்கு அந்த வசதி இல்லை.

நம்ம ஆளுங்ககிட்ட ஒரு பிடிவாதம் உண்டு. மருந்தடிக்காத நெல்லோட தவிடு, அதனால எவ்வளவு போட்டாலும் நல்லதுன்னு. அந்த நெல்லை நானும் விளைவிக்கிறவன்தான். ஆனா மருந்தில்லாததால தவிட்டுக்குள்ள சுண்ணாம்பு ஏறிடாதுங்க. குதிரைமசால் போடுங்க (பேரிலேயே குதிரை இருக்கு!). அதுலதான் சுண்ணாம்பு தாராளம். தாது உப்புக் கலவையைக் கடைச் சரக்குன்னு ஒதுக்காதீங்க. சீக்கிரம் வளரணும்னு தானியத்தைக் கொட்டிக் கொழுக்க வைக்கிறதும் மூட்டைக் கெடுக்கும். குட்டி தாயோட வெட்டவெளியில திரியட்டும்.

பிறந்தப்போ இருக்கிற லேசான வளைவு பல குட்டிகளுக்குச் சில வாரத்துல தானா நேராகும். ஆகலைன்னா காத்திருக்காதீங்க. குளம்புக்கு மேல் மூட்டுப் பக்கத்து எலும்பு மூணு மாசத்துக்குள்ளேயே வளர்ச்சியைப் பெரும்பாலும் முடிச்சுக்கும், அப்புறம் நிமிர்த்துறது கஷ்டம். குரும்பாபேட்டுல கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கு. முதல் மாசத்துலேயே கூட்டிட்டுப் போங்க.