உயரத்துக்கு ஊர் போட்ட வரம்பு

சான் ஜிமிஞானோவின் கோபுரங்களுக்குப் பின்னால் குங்குமப்பூப் பணமும் இருக்கிறது. டஸ்கனியில், எல்சா பள்ளத்தாக்கைப் பார்த்தபடி குன்றின்மேல் உட்கார்ந்திருக்கும் சிற்றூர் அது. ரோமாபுரிக்கு நடந்துபோகும் யாத்திரிகர்களின் பெருவழியான ஃபிரான்சிஜெனா இந்த ஊருக்குள் புகுந்துதான் போனது. வழிப்போக்கர்களால் சத்திரங்கள் பிழைத்தன, வியாபாரம் பெருகியது, வட்டிக்குக் கொடுப்பவர்கள் கொழித்தார்கள். 1228-ல் ஊர் தன் போர்க் கடனில் ஒரு பகுதியைக் குங்குமப்பூவாகவே கொடுத்து அடைத்தது.

பணம் சேர்ந்த குடும்பங்கள் கோபுரம் கட்டத் தொடங்கின. ஒரு காலத்தில் 72 நின்றன என்பது ஊர்க்கணக்கு. இன்று இருப்பவை 14. போப்பாண்டவர் பக்கம் நின்ற ஆர்டிங்கெல்லி குடும்பமும் பேரரசர் பக்கம் நின்ற சால்வுச்சி குடும்பமும் ஒட்டினாற்போல் இருக்கும் இரண்டு சதுக்கங்களில் எதிரும் புதிருமாகக் கட்டின. சால்வுச்சிகள் இரட்டையாகவே எழுப்பினார்கள்.

கிட்டே போய்ச் சுவரைப் பார்த்தால்தான் அந்தக் காலத்து வாழ்க்கை புரியும். வெளியே ஒரு கல்வரிசை, உள்ளே ஒரு கல்வரிசை, நடுவில் உடைகல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொட்டி இறுக்கிய நிரப்பு. அடியில் சுவரின் கனம் ஏறக்குறைய இரண்டு மீட்டர். அத்தனை கனத்துக்கு நடுவில் மிஞ்சும் அறையில் இரண்டு கையையும் விரித்தால் சுவர் தட்டும். ஜன்னல் என்று சொல்ல அதிகம் இல்லை. சுவரின் வெளிப்பக்கம் மேலிருந்து கீழ்வரை சதுரத் துளைகள். சாரம் கட்ட மரம் செருகிய துளைகள் அவை. வேலை முடிந்த பிறகும் அடைக்காமல் விட்டார்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரத் தாழ்வாரங்களைத் தாங்கவும் அவை உதவின. இப்போது அவற்றில் புறாக்கள் குடியிருக்கின்றன. அண்டை வீட்டானைக் கண்டு பயந்தவன் கட்டிய கட்டடம் இது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அழகு நாம் பிறகு அதில் கண்டது.

இந்த ஊரில் நான் பெரிதாக மதிப்பது வேறொன்று. 1255-ல் ஊராட்சி ஒரு சட்டம் போட்டது: நிர்வாகத் தலைவரின் மாளிகைக் கோபுரமான ரோஞோசாவைவிட உயரமாக எந்தக் குடும்பமும் கட்டக் கூடாது. ரோஞோசாவின் உயரம் 51 மீட்டர். செல்வாக்குள்ள குடும்பங்கள் கையில் ஆளும் ஆயுதமும் வைத்திருந்த காலத்தில் இப்படி ஒரு கோடு கிழிக்கத் துணிச்சல் வேண்டும். சால்வுச்சி, ஆர்டிங்கெல்லி இரு குடும்பங்களின் கோபுரங்களும் பின்னர் வெட்டிக் குறைக்கப்பட்டன. 1300-ல் தொடங்கி 1311-ல் முடித்த டொர்ரே குரோசா 54 மீட்டர். ஊரிலேயே உயரமான அது எந்தக் குடும்பத்துக்கும் சொந்தமில்லை, ஊருக்குச் சொந்தம். ஃபுளோரன்ஸ் இன்னும் கடுமையாக நடந்துகொண்டது. அங்கே 1250-ல் மக்கள் ஆட்சி தனியார் கோபுரங்களை ஏறக்குறைய 29 மீட்டருக்குமேல் விட்டுவைக்கவில்லை.

ஆனால் கோபுரத்தைக் குறைத்ததுபோல் பகையைக் குறைக்க முடியவில்லை. 1300 மே மாதம் ஃபுளோரன்ஸின் தூதராகக் கவிஞர் தாந்தே இந்த ஊருக்கு வந்து, போப் கட்சி ஊர்களின் கூட்டணிக்கு ஆதரவு கேட்டுப் பேசினார். அவர் பேசிய மன்றக்கூடத்துக்கு இன்றும் அவர் பெயர்தான். இரண்டே ஆண்டில், தம் கட்சிக்குள்ளேயே வெடித்த சண்டையில், அவரையே சொந்த ஊர் நாடுகடத்தியது. சாகும்வரை அவர் ஃபுளோரன்ஸுக்குத் திரும்பவில்லை.

1348-ல் கொள்ளைநோய் வந்தது. 1353-ல் சான் ஜிமிஞானோ ஃபுளோரன்ஸுக்கு அடங்கியது. யாத்திரைப் போக்குவரத்தும் பள்ளத்தாக்குக்கு இறங்கிவிட்டது. மற்ற ஊர்களில் வசதி வந்தவர்கள் பழைய கோபுரங்களை இடித்து மாளிகை கட்டினார்கள். இங்கே இடிக்கவும் காசில்லை, புதிதாகக் கட்டவும் காசில்லை. நூற்றாண்டுக்கணக்கில் நீடித்த அந்த வறுமைதான் 1990-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த காட்சியை நமக்கு மிச்சம் வைத்தது. அந்த வறுமையில் வாழ்ந்து செத்தவர்களை நினைக்காமல் என்னால் இந்தக் கோபுரங்களை அண்ணாந்து பார்க்க முடியவில்லை.

இனியும் இவை தாமாக நின்றுகொள்ளும் என்று இருந்துவிட முடியாது. 1989 மார்ச்சில் பாவியா நகரின் பழைய கோபுரம் திடீரென்று இடிந்து நான்கு பேர் செத்தார்கள். அந்தப் பயத்தில்தான் அடுத்த ஆண்டு பைசா கோபுரத்தையே மூடினார்கள். போலோஞாவின் சாய்ந்த கரிசெண்டா கோபுரத்தைச் சுற்றி 2023 அக்டோபரில் தடுப்பு போட்டாயிற்று. சான் ஜிமிஞானோவிலேயே 2018 ஏப்ரலில் பழைய மதிலில் ஒரு பகுதி சரிந்தது. சுவர் நடுவே உள்ள சாந்து உள்ளுக்குள் உளுத்துப்போனால் வெளிக்கல்லைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. அதனால், பயணிகளிடம் வாங்கும் நுழைவுக் கட்டணத்தில் முதல் பங்கு இந்தப் 14 கோபுரங்களின் உட்சுவரை ஆண்டுதோறும் சோதிக்கப் போக வேண்டும். தெருவிளக்கு அலங்காரமும் திருவிழாச் செலவும் அதற்குப் பிறகுதான்.