சாமிக்கும் பிரீமியம் கஸ்டமரா?

எங்க வங்கியில் பெரிய டெபாசிட்காரர் வந்தால் வரிசை கிடையாது; தனி அறை, காபி. அது வியாபாரம், ஒளிவுமறைவில்லை.

திருப்பதியில்? ஸ்ரீவாணி அறக்கட்டளைக்கு 10,000 ரூபாய் நன்கொடை, மேலே 500 ரூபாய் டிக்கெட். பிரேக் தரிசனம் ரெடி! காசில்லாதவனுக்கு இலவச டோக்கன். 2025 ஜனவரி 8-ம் தேதி, வைகுண்ட துவார தரிசனத்துக்கு அந்த டோக்கன் வாங்கக் காத்திருந்த நெரிசலில் 6 பேர் செத்தார்கள்.

"அந்தப் பணத்தில்தானே கோயில் கட்டுறாங்க?" என்பீர்கள். கட்டட்டும். நன்கொடைக்கு ரசீது போதாதா, முன்வரிசை எதற்கு? பதிலுக்குச் சரக்கு கைமாறினால் அதன் பெயர் விற்பனை. பி.காம். முதல் வருஷப் பாடம்.

பெருமாள் மேல் எனக்குக் கோபமில்லை, கவுன்ட்டர் மேல்தான். ஊர்விட்டு ஊர்வந்து, லீவு போட்டு, பிள்ளைக்கு முடியிறக்க ரயிலேறும் நாம், "சாமிக்கு எல்லாரும் ஒண்ணுதான்டா" என்று அவனிடம் எந்த வாயால் சொல்வது?